மீன்கள் முகம் காட்டிய காலை

காலை ஆறரை மணிக்கு ரெம்ஸாவின் தொலைபேசி அடிக்க ஆரம்பித்துவிட்டால் மீன்பிடிக் காலம் பிறந்துவிட்டது என்று அர்த்தம். ஸாக்ரெப்பிலிருந்து ஒருவர், வியன்னாவிலிருந்து ஒருவர், பான்யா லூக்காவிலிருந்து நாலு பேர். உடம்பு எப்படி, வீட்டில் சுகமா என்ற பேச்செல்லாம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

"எத்தனை முடிச்சு, ரெம்ஸாக்கா?"

அவளும் சுற்றி வளைக்கமாட்டாள். "மூணரை. கிளம்பி வா" என்பாள். அல்லது, "ஒண்ணு. போர்த்திட்டுத் தூங்கு" என்பாள். அவர்கள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் தொலைபேசியை வைத்துவிடுவாள்.

முடிச்சு என்றால் கயிற்றின் முடிச்சு. மோத்ரவா ஆறு மலையடிவாரத்துக் குகையிலிருந்து பிறக்கிறது. குகைவாயில் ஒரு மடு. அதிலிருந்து இருநூறு அடி கீழே தண்ணீருக்குச் சற்று மேலாக ஒரு மரப்பாலம். தினமும் விடிந்ததும் ரெம்ஸா அந்தப் பாலத்தில் மண்டி போட்டு, நீலக் கரை வைத்த வெள்ளை எனாமல் தட்டு ஒன்றைக் கல்லோடு கட்டிக் கயிற்றில் இறக்குவாள். கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு. தட்டு கண்ணிலிருந்து மறைகிற இடத்தில் எத்தனையாவது முடிச்சு தண்ணீரைத் தொடுகிறதோ, அதுதான் அன்றைய ஆறு.

அரை முடிச்சு என்றால் காபி நிறம். யாரும் இறங்கக் கூடாது. ஒன்றிரண்டு என்றால் கரையோரமாக நின்று, தூண்டிலில் குட்டிமீன் மாதிரி கட்டின பெரிய இறகை ஆழத்தில் இழுத்துப் பார்க்கலாம். மூன்று, மூன்றரை என்றால் தண்ணீர் பாசிப்பச்சைக்கு வந்துவிட்டது. வசந்தத்தில் பெருமழைக்குப் பிறகு வடிந்துவரும் ஆற்றில் அந்தப் பச்சைதான் நல்ல நேரம். ட்ரவுட் மீனுக்குப் பசி எடுத்திருக்கும், மனிதன் நிற்பதும் அதற்குத் தெரியாது. நூலில் கட்டின பொய் ஈயை மெய் ஈ என்று நம்பி வாயைத் திறக்கும். ஐந்துக்கு மேல் போனால் கண்ணாடி. மீன் உங்களைப் பார்க்கும், உங்கள் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்பதையும் பார்க்கும். ஏழு என்பது தரை. ஆகஸ்ட் கடைசியில், வறட்சியில், ஏழு வரும்.

மீனவர் சங்கத்தின் கொட்டகைச் சுவரில் எழுதியே போட்டிருக்கிறார்கள்: ரெம்ஸா முடிச்சு சொல்லும் முன் யாரும் கால் நனைக்கக் கூடாது. சங்கத்தில் எழுதிப்போட்ட விதிகள் பதினாறு. மதிக்கப்படுவது இது ஒன்றுதான். காரணம் எளிது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடக் கால் முடிச்சு கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. சங்கத் தலைவர் சுல்யோ, தான் கூட்டி வந்த விருந்தாளிகளுக்காக, "கொஞ்சம் ரெண்டுன்னு சொல்லேன் ரெம்ஸா, அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க" என்று ஒரு முறை கெஞ்சினார். "ஆத்துக்கிட்ட போய்ச் சொல்லு, அது ரெண்டாகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வேலை முன்பு அவள் புருஷன் இஸெத்தினுடையது.

ரெம்ஸா இந்த ஊர்க்காரி இல்லை. மேலே, மலைக்குப் பின்னால் இருக்கிற மேட்டுச் சமவெளியில் பிறந்தவள். அங்கே ஓடுகிற ஓடைகள் எல்லாம் ஒரு பெரிய குழிக்குள் விழுந்து மறைந்துவிடும். மலைக்குள் எந்த வழியாகப் போகின்றன என்று யாரும் கண்டதில்லை. இரண்டு நாள் கழித்து இந்தக் குகை வழியாக வெளியே வருகின்றன. மேலே தொலைந்த பால்செம்பு கீழே கிடைக்கும். மேலே செத்த ஆட்டின் கழுத்து மணி கீழே கிடைக்கும். "நீயும் அந்தக் குழியில விழுந்துதானே எங்கிட்ட வந்து சேர்ந்தே" என்று இஸெத் கேலி செய்வான். பஸ்ஸில் வந்தாள் என்பதை அவன் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

இஸெத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. கயிறு கையைவிட்டு நழுவிவிடக் கூடாது என்று அதன் நுனியை இடது மணிக்கட்டில் கட்டிக்கொள்வான். பல்லாலும் வலது கையாலும் போடுகிற முடிச்சு அது, நனைந்தால் இறுகும். போடுவது சுலபம், ஆனால் ஒற்றைக் கையால் அவிழ்க்கவே முடியாது. ஒவ்வொரு காலையும் சொட்டச் சொட்ட வந்து சமையலறை மேஜை மேல் கையை நீட்டுவான். ரெம்ஸா முள்கரண்டியின் ஒரு பல்லை முடிச்சுக்குள் விட்டு நெம்பி அவிழ்ப்பாள். "ஒரு நாள் அப்படியே விட்டுடறேன், கயித்தோட திரி" என்பாள். "விடு, கன்னுக்குட்டி மாதிரி உன் பின்னாலேயே வரேன்" என்பான். பன்னிரண்டு வருஷம் இப்படி.

அவன் போனது ஓர் ஏப்ரல் நாளில். மூன்று நாள் விடாத மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. இஸெத் நகரத்தில் ஏதோ அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று கோட்டுப் போட்டுக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தான். "நீ போய்த் தட்டை இறக்கிட்டு வா, எப்படியும் அரைதான் இருக்கும்" என்று அவளை அனுப்பினான். அவள் இறக்கினாள். தட்டு போய்க்கொண்டே இருந்தது. அடியில் கூழாங்கல் மேல் உட்கார்ந்து மேலே பார்த்தது.

"ஏழு!" என்று கத்தினாள்.

இஸெத் காபிக் கோப்பையோடு வெளியே வந்தான். "என்னது ஏழா? மூணு நாளா வானம் ஒழுகுது, ஏழாம்! உனக்குக் கண்ணாடி வாங்கணும் போலிருக்கே."

"நம்பலைன்னா நீயே வந்து பாரு. அப்புறம் இஸெத், இந்த மீனெல்லாம் என்னையே பாக்குது."

"அழகா இருந்தா பாக்கத்தான் செய்யும்" என்றான்.

கோட்டோடு வந்தான். தட்டை வாங்கிக் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, ஊற்று மடுவிலேயே அளந்து பார்த்துவிடுகிறேன் என்று கரையோடு மேலே போனான். அடுப்பில் பால் இருந்தது. அவள் வீட்டுக்குள் போனாள். பால் பொங்குவதற்கு முன் மலைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வெளியே ஓடி வந்தபோது ஆறு பாலத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

நாற்பது கிலோமீட்டர் கீழே, அணை வரைக்கும் தேடினார்கள். ஒவ்வொரு வில்லோ மரத்து வேரையும் கிளறினார்கள். செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காத ஊரில் கதை கிடைத்துவிடும். ஒரு வருஷத்துக்குள் ஒருவன் ஆஸ்திரியாவிலிருந்து வந்து, கிராட்ஸ் நகரத்தில் சாரம் கட்டி வேலை செய்கிற ஒருத்தனுக்கு இஸெத்தின் நடை இருந்ததாகச் சொன்னான். பிறகு ஒருத்தி, பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டாள். பாஸ்போர்ட் கோட்டுப் பையில் இருந்தது. கோட்டு அவன் மேல் இருந்தது. அவ்வளவு போதாதா? வெள்ளம் வந்தது அவனுக்கு வசதியாய்ப் போயிற்று, பொண்டாட்டியின் வாய்க்குப் பயந்து ஓடிப்போனான் என்று ஊரே முடிவு கட்டியது. இந்த ஊர் என் ஊர்தான், ஆனாலும் சொல்கிறேன்: வேலையில்லாத நாக்குகள் இவ்வளவு அடர்த்தியாக வேறெங்கும் இல்லை.

எங்கள் நாட்டில் நடந்த போரில் காணாமல் போனவர்களுக்குப் பட்டியல் உண்டு. இரத்தம் எடுத்து, எலும்போடு ஒப்பிட்டு, ஒரு நாள் பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். போர் முடிந்த பிறகு காணாமல் போனவனுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. ரெம்ஸா விதவையும் இல்லை, மனைவியும் இல்லை. சந்தையில் யாராவது, "கிராட்ஸ்லேர்ந்து காகிதம் வந்துச்சா?" என்று கேட்பார்கள். "வந்துச்சு, உன் மூக்கை வெட்டி அனுப்பச் சொல்லியிருக்கான்" என்பாள். வீட்டுக்கு வந்து அழுவாள். உண்மையைச் சொன்னால், சில வருஷங்களுக்குப் பிறகு அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். செத்தான் என்று நினைத்தால் நான்தான் ஆற்றுக்கு அனுப்பினேன் என்று நெஞ்சு அடைத்தது. ஓடிப்போனான் என்று நினைத்தால் கோபமாவது மிஞ்சியது. எதை நினைத்துக்கொண்டு தூங்குவது என்பதுதான் அவளுக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தீராத கணக்கு.

அதனால்தான் அவள் வீட்டில் அல்வா கிண்டுவதில்லை. எங்கள் பக்கத்தில், விசேஷம் எதுவும் இல்லாத நாளில் ஒரு வீட்டிலிருந்து மாவு வெண்ணெயில் வறுபடுகிற வாசனை வந்தால், அங்கே இறந்தவருக்காக ஓதுகிறார்கள் என்று பொருள். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூப்பிடாமலே போய் உட்காருவார்கள். இஸெத்துக்கு யாரும் ஓதவில்லை. பக்கத்து வீட்டு ஸீபா ஒரு முறை மெல்லப் பேச்செடுத்தாள். "உயிரோட இருக்கிறவனுக்கு அல்வா கிண்டச் சொல்றியா?" என்று ரெம்ஸா சீறினாள். அதற்குப் பிறகு பெருநாளுக்குக்கூட அந்த வீட்டில் மாவு வறுக்கவில்லை.

சங்கம் பாதி இரக்கத்தில் அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தது. கல்யாணத்துக்கு வந்த ஆறு தட்டில் ஒன்று இஸெத்தோடு போய்விட்டது. இரண்டாவதை எடுத்துக் கல் கட்டினாள். தன் கயிற்றின் நுனியை அவள் கையில் கட்டிக்கொள்வதில்லை.

இந்த வருஷம் வசந்தகாலப் போட்டி ஏப்ரல் மூன்றாம் ஞாயிறு என்று சுல்யோ அறிவித்தார். இருபத்து நான்கு பேர் பதிவு செய்தார்கள். வியாழக்கிழமை மழை பிடித்தது. அன்று காலை நான்கு முடிச்சு, வெள்ளிக்கிழமை ஒன்று, சனிக்கிழமை தட்டை நனைத்ததுமே காணவில்லை. ஆறு தவிட்டு நிறத்தில் மரக்கிளைகளையும் வைக்கோலையும் உருட்டிக்கொண்டு போயிற்று. குகை வழக்கமாகவே முனகும். ஊரில் பிறக்கிற குழந்தைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கிப் பழகும். சனிக்கிழமை அது உறுமியது. அலமாரியில் கோப்பைகள் நடுங்கின.

"தள்ளிப் போடு" என்று ரெம்ஸா தொலைபேசியில் சொன்னாள்.

"எல்லாரும் வந்து ஓட்டல்ல இறங்கிட்டாங்க. மழை இன்னிக்கு விட்டுடும். நாளைக்குக் காலைல பாப்போம்" என்றார் சுல்யோ.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ரெம்ஸா திடுக்கிட்டு எழுந்தாள். என்ன எழுப்பியது என்று புரியவில்லை. மழை விட்டிருந்தது. ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. சற்று நேரம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது: குகை பேசவில்லை.

பாலத்துக்குப் போனாள். புல்லெல்லாம் சேறு, முந்தின நாள் வெள்ளம் விட்டுப்போன குப்பை இடுப்பளவுக்கு முள்வேலியில் தொங்கியது. ஆனால் ஆறு தன் படுக்கைக்குள் சுருண்டு கிடந்தது. தெள்ளத் தெளிவாக இருந்தது. தட்டை இறக்கினாள். முதல் முடிச்சு, இரண்டாவது, நான்காவது. தட்டு கூழாங்கல்லில் போய் உட்கார்ந்தது. அதன் நீலக் கரையில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. ஏழு.

மண்டியிட்டபடியே தலையை நிமிர்த்தி ஊற்று மடுவின் பக்கம் பார்த்தாள். பாலத்துக்கும் மடுவுக்கும் நடுவே ட்ரவுட்டுகள் வரிசையாக நின்றன. பெரியதும் சின்னதுமாக நூறு இருக்கும். ஒன்றும் அசையவில்லை. எல்லாம் இவள் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, வாயை மெல்லத் திறந்து மூடிக்கொண்டு, இவளைப் பார்த்து நின்றன.

அந்த முகங்கள் அவளுக்குப் பழக்கமானவை. இருபத்திரண்டு வருஷமாகக் கனவில் வந்தவை. துக்கத்தில் தானே கற்பனை செய்துகொண்டது என்று தள்ளிவைத்திருந்தவை. தினமும் இதே பாலத்தில் மண்டியிடுகிறாள். தினமும் பார்ப்பது மீன்களின் வாலைத்தான். மீன் எப்போதும் வருகிற தண்ணீரைப் பார்த்துத்தான் நிற்கும். தண்ணீர் குகையிலிருந்து வருகிறது. அதனால் மீன் குகையைப் பார்த்து நிற்கும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இப்போது அவை இவளைப் பார்க்கின்றன என்றால்?

பாலத்தில் ஒட்டிக் கிடந்த ஒரு பீச் மரத்து இலையை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். இலை கொஞ்சம் யோசித்தது. பிறகு அவளைவிட்டு விலகி, மீன்களுக்கு மேலாக, மேல்நோக்கி, அவசரமே இல்லாமல், குகையைப் பார்த்துப் போயிற்று.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மலைக்குள்ளே எங்கோ வழி அடைத்துக்கொண்டிருக்கிறது. அடைப்புக்கு அப்பால் மூன்று நாள் மழையும் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அடைப்புக்கு இப்பால் இருக்கிற வயிறு காலியாகி, வெளியே விட்டு, சேறு படிந்து தெளிந்துவிட்ட தண்ணீரைத் திரும்பக் குடித்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கும் இதுதான். இஸெத் மடுவில் தட்டை இறக்கியபோது தண்ணீர் கீழே போய்க்கொண்டிருக்கவில்லை. மலை கொடுக்கும் என்று ஊருக்கே தெரியும். எடுக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாற்பது கிலோமீட்டர் கீழே தேடினார்களே! அவன் இந்த இருபத்திரண்டு வருஷமும் அவள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே, மலைக்குள் இருந்திருக்கிறான்.

அழுகை வரவில்லை. அதற்குள் சாலையில் கார் கதவுகள் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது.

போட்டிக்காரர்கள் தோள்பட்டி வைத்த ரப்பர் காற்சட்டை போட்டுக்கொண்டு, தொப்பியில் இறகு ஈக்களைக் குத்திக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஆற்றைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு இரண்டு மடங்காயிற்று.

"என்னய்யா இது, மழையே பெய்யாத மாதிரி இருக்கு!"

"சுல்யோ அண்ணன் ராத்திரி வடிகட்டி விட்டிருக்காரு."

சுல்யோ விசிலை வாயில் வைத்துக்கொண்டு பாலத்தின் முனைக்கு வந்தார். "சொல்லும்மா ரெம்ஸா. சம்பிரதாயத்துக்குச் சொல்லு. எத்தனை?"

ரெம்ஸா வாயைத் திறந்தாள். ஏழு என்ற சொல் தொண்டைவரை வந்தது. அந்தச் சொல்லை ஒரு முறை இதே இடத்திலிருந்து கத்தியிருக்கிறாள்.

"அரை" என்றாள்.

கரையே வெடித்துச் சிரித்தது.

"அக்கா, உங்க தட்டு இங்கேர்ந்தே தெரியுதே!"

"தட்டா? அதுல ஒட்டியிருக்கிற நேத்து சோறே தெரியுது!"

"அரை" என்று மறுபடி சொன்னாள். "யாரும் இறங்கக் கூடாது. எல்லாரும் சாலைக்கு ஏறுங்க."

சுல்யோவின் முகம் சிவந்தது. ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "உனக்கு என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா? இருபத்து நாலு பேர் முன்னால என்னைக் கேலிக்கூத்து ஆக்காதே. ஏழுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போ. நாளைலேர்ந்து வேற ஆள் பாத்துக்கிறேன்."

"பாத்துக்கோ. முதல்ல உன் புகையைப் பாரு."

"என்ன புகை?"

"வாயிலேர்ந்து விடறியே, அது."

அந்தக் குகை கோடையிலும் குளிர்காலத்திலும் வெளியேதான் மூச்சுவிடும். மடுவருகே நின்றால் காது ஜில்லென்று ஆகும். சுல்யோ விட்ட புகை அவர் முகத்தைவிட்டு நகர்ந்து, நீட்டின நூலாகி, ஆற்றின் மேலாகவே குகைவாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் மறுபடி ஒரு இழுப்பு இழுத்து விட்டார். அதுவும் அதே வழியில் போயிற்று. சிகரெட்டை எறிந்துவிட்டார்.

"எல்லாரும் மேலே ஏறுங்க!" என்று கத்தினார். சிரித்தவர்களும் அவர் குரலில் இருந்ததைக் கேட்டுவிட்டு நகர ஆரம்பித்தார்கள். ரெம்ஸா தலைகளை எண்ணினாள். இருபத்து மூன்று.

"கிரெஷிமிர் எங்கே?"

கிரெஷிமிர் ஸாக்ரெப்பிலிருந்து வந்த பல் மருத்துவர். பதினெட்டு வருஷமாகத் தொலைபேசியில் காலை வணக்கம்கூடச் சொல்லாமல் அவளிடம் முடிச்சு மட்டும் கேட்பவர். விதியை ஒருநாளும் மீறாத மனிதர். ஆனால் ஏழு முடிச்சு ஆற்றைக் காரிலிருந்தே பார்த்துவிட்டு, எண் சொல்வதற்கு முன் தூண்டில்கோலில் நூலையாவது பூட்டி வைக்கலாம் என்று மடுப் பக்கம் போயிருந்தார். பூட்டிய கை சும்மா இருக்குமா? தொடை ஆழத்தில் நின்று வீசிக்கொண்டிருந்தார்.

ரெம்ஸா கரையோடு ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதில், ரப்பர் பூட்ஸோடு, சேற்றில். அவர் திரும்பிப் பார்த்துக் குழப்பமாகச் சிரித்தார்.

"ரெம்ஸாக்கா, இதைப் பாருங்களேன். வேடிக்கையா இருக்கு. என் ஈ மேலே போகுது."

வெள்ளை இறகு வைத்த சின்ன ஈ தண்ணீரின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, குகையின் இருட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நூல் பின்னால் போயிற்று. கோல் வளைய ஆரம்பித்தது. மீன் இழுக்கவில்லை, மீன் இழுத்தால் துடிக்கும். இது ஒரே சீராக இழுத்தது.

"கோலை விடு டாக்டர்."

"விடறதா? எத்தனை பல் புடுங்கி வாங்கினது தெரியுமா இது?"

"விடுடா!" என்று கத்தினாள். அவரை அவள் அப்படி அழைத்ததே இல்லை. "விட்டுட்டு என் கையைப் புடி!"

அவர் ஒரு அடி எடுத்துவைத்தார். காலடிக் கூழாங்கற்கள் நகர்ந்தன. அந்த ஒரு நொடியில், கரைக்கு வர வைத்த கால் குகைப்பக்கம் போய் விழுவதை அவரே பார்த்தார். முகம் வெளுத்தது. கோலை விட்டார். அது தண்ணீர்மேல் படுத்தபடி, யாரோ கையில் எடுத்துக்கொண்டு போவது போல இருட்டுக்குள் போயிற்று. ரெம்ஸா ஒரு கையால் வில்லோ கிளையைப் பிடித்துக்கொண்டு முழங்கால்வரை இறங்கினாள். இரண்டு கால்களையும் குகைப்பக்கம் ஏதோ பிடித்து இழுத்தது. மறு கையால் அவர் தோள்பட்டியைப் பற்றி இழுத்தாள். சுல்யோ பின்னாலிருந்து இவளுடைய இடுப்பைப் பிடித்தார். மூவருமாகக் கரையில் விழுந்தார்கள்.

"ஓடு" என்றாள்.

சாலைமேட்டுக்கு ஏறின பிறகுதான் அது வந்தது. முதலில் குகை மூச்சு விட்டது. குளிர்ந்த காற்று, பழைய வைக்கோலும் மண்ணும் கலந்த வாசனையோடு, தொப்பிகளைப் பறித்துக்கொண்டு போயிற்று. பிறகு காதில் கேட்பதற்கு முன்னாலேயே பல்லில் தெரிந்த ஒரு அதிர்வு. பிறகு தண்ணீர். மடுவும் பாலமும் வில்லோ மரங்களும் எங்கே இருந்தன என்று சொல்ல முடியாதபடி ஒரே தவிட்டுச் சுவர் வெளியே வந்தது. கிரெஷிமிர் முழங்காலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

ரெம்ஸா இரண்டு தடவை எண்ணினாள். இருபத்து நான்கு.

"எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று சுல்யோ கேட்டார்.

"மீன் சொல்லுச்சு. போன தடவையும் சொல்லுச்சு. எனக்குத்தான் புரியல" என்றாள்.

மதியத்துக்குள் வெள்ளம் பாதி வடிந்தது. பாலம் இருந்த இடத்தில் இரண்டு முளைகள் மட்டும் நின்றன. கீழ்ப் புல்வெளி முழுக்க மலையின் வயிற்றில் இருந்ததெல்லாம் கிடந்தது: அழுகின வைக்கோல், வேலிக் கம்புகள், ஒரு குதிரையின் மண்டை, மேட்டுச் சமவெளிக்காரர்கள் தொலைத்த பால்செம்புகள், ஒரு கழுத்து மணி. ஆண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கோல்களைத் தேடினார்கள். ரெம்ஸா யாரிடமும் சொல்லாமல் அந்தக் குப்பைக்குள் இறங்கி, ஒரு குச்சியால் கிளறிக்கொண்டே நடந்தாள். எதைத் தேடுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

மூன்று மணி வாக்கில், புல்வெளியின் ஓரத்தில், வைக்கோல் சுருள் ஒன்றுக்குள்ளிருந்து நீல நைலான் கயிறு ஒன்று வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தாள். முடிச்சு முடிச்சாக வந்தது. எண்ணவேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் எண்ணினாள். ஏழுக்குப் பிறகு தட்டு வந்தது. எனாமல் பாதி உதிர்ந்து கறுத்திருந்தது. மீதிப் பாதியில் நீலக் கரை அப்படியே இருந்தது.

கயிற்றின் மறுநுனியைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. அது அறுந்திருந்தால், அவிழ்ந்திருந்தால், கிராட்ஸ் இன்னும் மிச்சம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே போனாள். விரல் ஒரு வளையத்தைத் தொட்டது. கண்ணைத் திறந்தாள். வளையம் முழுசாக இருந்தது. முடிச்சு, பல்லாலும் ஒற்றைக் கையாலும் போட்ட அதே முடிச்சு, கல்லாக இறுகிக் கிடந்தது. அவள் தன் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டில் இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது. அவன் கை அவள் கையைவிட அவ்வளவு தடிமன்.

அந்த முடிச்சை அவன் தனியாக அவிழ்த்திருக்க முடியாது. அவிழ்க்கத் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான், அவள் அப்போது பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சதையும் தோலுமான கையாக இருந்தவரை அந்தக் கை இதிலிருந்து வெளியே வந்திருக்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேஜைமேல் வைத்தாள். முள்கரண்டியை எடுத்து, ஒரு பல்லை முடிச்சுக்குள் விட்டு நெம்பினாள். அசையவில்லை. வெந்நீர் ஊற்றினாள், மறுபடி நெம்பினாள். கரண்டியின் பல் வளைந்தது. இன்னொரு கரண்டி எடுத்தாள். அரைமணி நேரம் ஆயிற்று. "கன்னுக்குட்டி, கன்னுக்குட்டி" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். முடிச்சு ஒரு முறை முனகிவிட்டு இளகியது. கயிறு மேஜைமேல் நேராக விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, கோபம் கலக்காத அழுகை.

மாலை வெயில் சேற்றில் விழுந்துகொண்டிருந்தபோது, ஸீபா தன் வீட்டு முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சட்டென்று நின்றாள். மூக்கை உயர்த்தினாள். மாவு வெண்ணெயில் வறுபடுகிற வாசனை. எந்த வீட்டிலிருந்து என்று புரிந்ததும் கையிலிருந்த துணி கூடைக்குள் விழுந்தது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. சந்தையில் கிராட்ஸைப் பற்றிக் கேட்டவர்களும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

ரெம்ஸாவின் கதவு திறந்தே இருந்தது. அடுப்பின் முன் நின்று, மாவைக் கிளறுவதை நிறுத்தாமல், திரும்பிப் பார்த்தாள்.

"வாசல்ல நிக்காதீங்க. உள்ளே வந்து உக்காருங்க" என்றாள். "இஸெத் செத்துட்டான்."